கரிக்கோடு முதல் கைபேசி வரை: நம்ம கணக்கு நோட்டு வந்த வழி



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா சொன்னபோது, கடன் வாங்கிக் கடை வைத்த கதையை எழுதுவதா, கறவை மாடு வாங்கிய கதையை எழுதுவதா என்று யோசித்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத ஆள் இருக்கிறார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். கல்யாணமாகி வந்து குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு எழுதுகிறேன். அதனால் கணக்கு நோட்டைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இப்போது எல்லாம் போனில் ஏறிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்குப் போனால் "டேட்டா, டேட்டா" என்றுதான் பேச்சு. யார் எவ்வளவு சேமிப்பு போட்டார்கள், யார் எவ்வளவு கடன் எடுத்தார்கள், யார் கூட்டத்துக்கு வரவில்லை என்று இத்தனை வருடமாக நாம் எழுதி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எங்கே ஆரம்பித்தது, நடுவில் யார் யார் கைக்குப் போனது, திரும்ப நம்ம கைக்கு வந்ததா, இல்லையா? எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

குழு வருவதற்கு முன்னாடியும் நம்ம பெண்களிடம் கணக்கு இருந்தது. எங்க அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பார்கள். சொசைட்டிக்கு ஒரு லிட்டர் பால் ஊற்றினால் நீளக் கோடு, அரை லிட்டர் என்றால் குட்டைக் கோடு. பணம் போடும் நாளில் கோட்டை எண்ணிக்கொண்டுதான் போவார்கள். ஆனா, கடன் கணக்கு அப்படி இல்லை. தண்டல்காரர், வட்டிக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். அதில் நம்ம பேர், வாங்கின தொகை, வட்டி, பாக்கி எல்லாம் இருக்கும். அந்த நோட்டை நமக்குக் காட்ட மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால், கிராமத்துப் பெண்ணின் கடனைப் பற்றி யாரோ எழுதி வைத்த முதல் கணக்கு அதுதான். அது அவர் சட்டைப் பையில் இருந்தது. பாக்கி எவ்வளவு என்று அவர் சொல்வதுதான் பாக்கி.

பயிற்சியில் ஒரு கதை சொன்னாங்க. 1976-ல் வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா என்று ஒரு கிராமம். அங்கே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த முகமது யூனுஸ், வியாபாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் மாட்டிக்கொண்டவர்கள் யார் யார், எவ்வளவு பாக்கி என்று தன் மாணவியை அனுப்பிப் பட்டியல் எடுக்கச் சொன்னார். 42 பேர். எல்லோரையும் கூட்டினால் 856 டாக்கா, அதாவது 27 டாலர்தான். இத்தனூண்டு பணத்துக்கா 42 குடும்பம் கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று அவருக்கே வெட்கமாகப் போனதாம். அதிலிருந்து வளர்ந்த கிராமீன் வங்கிக்கும் அவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவங்க முறை வேறு, நம்ம குழு முறை வேறு. ஆனாலும் எனக்கு அந்தப் பட்டியல்தான் பிடித்தது. வட்டிக்காரர் பையில் தனித்தனியாகக் கிடந்த கணக்கை ஒரே தாளில் எழுதிப் பார்த்ததும்தான் விஷயம் வெளியே வந்தது.

நம்ம பக்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஆரம்பமானது. ஐ.நா. சபையைச் சேர்ந்த ஐஃபாட் என்கிற விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்தார்கள். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரியோடுதான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமானது. 1991-92-ல் சேலம், தென்னாற்காடு, அடுத்த வருடம் மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரிப் பக்கம். எங்க அம்மா சேர்ந்த குழுவும் அந்தக் காலத்தில் முளைத்ததுதான். வாரம் 5 ரூபாய் சேமிப்பு. கோயில் திண்ணையில் கூட்டம்.

அந்தக் குழுவில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே மூணு பேர். கணக்கு எழுத ஒரு காலேஜ் பையனை வைத்திருந்தார்கள், மாதம் இவ்வளவு என்று பேசி. ஒரு வழக்கம் மட்டும் கறாராக இருந்தது. கூட்டம் முடியும்போது அவன் ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி, "உங்க சேமிப்பு மொத்தம் இவ்வளவு, கடன் பாக்கி இவ்வளவு" என்று சத்தமாகப் படிக்க வேண்டும். சரி என்று அவங்க தலையாட்டிய பிறகுதான் அடுத்த பேர். ஒரு தடவை எங்க அம்மா, "இல்லப்பா, 40 ரூவா குறையுது" என்று நிறுத்திவிட்டார்கள். அவன் நோட்டைக் காட்டினான். அம்மாவுக்கு நோட்டு படிக்கத் தெரியாது. "எங்க சுவத்துல இருக்குது, வந்து எண்ணிப் பாரு" என்றார்கள். பக்கம் திருப்பும்போது பழைய பக்கத்து மொத்தத்தைக் கொண்டு வராமல் விட்டிருக்கிறான். எட்டு வாரச் சேமிப்பு. அம்மாவுக்கு மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் இருந்த ஆறு பேருக்கும் அப்படியே. இதை இப்போதும் எங்க ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு மட்டும் இல்லை இந்தக் கதை. எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். தன் பணம் எவ்வளவு என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சத்தமாகப் படித்ததால்தான் பிழை அன்றைக்கே பிடிபட்டது.

அதே சமயத்தில்தான் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் 1991-ல் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் கற்று, சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். அங்கே கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கே எடுத்தார்கள். எத்தனை லோடு போகிறது, ஒரு லோடுக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தானே குத்தகை எடுக்க முடியும். நம்ம குழுக்களில் நோட்டு எழுத ஆள் கிடைத்ததற்கு அறிவொளிக்கும் பங்கு இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

1992-ல் பெரிய மாற்றம். நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனை ஆரம்பித்தது. அடமானம் இல்லாமல் குழுவுக்கு வங்கி கடன் கொடுக்க வேண்டும். நிலப் பத்திரம் இல்லை, நகை இல்லை, எதை நம்பிக் கொடுப்பது? நம்ம நோட்டைத்தான். ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் நடந்ததா, சேமிப்பு வந்ததா, உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்கினார்களா, திருப்பிக் கட்டினார்களா, கணக்கு எழுதினார்களா? பஞ்ச சூத்திரம் என்று நமக்கு இப்போது மனப்பாடமாக இருப்பது இதுதான். தரம் பிரிக்க வரும் அதிகாரி முதலில் கேட்பது தீர்மானப் புத்தகமும் பேரேடும். காடு கழனி இல்லாத பெண்ணுக்கு அவள் எழுதி வைத்த கணக்கே சொத்துப் பத்திரம் மாதிரி ஆனது. நான் கணக்கு எழுதுவதைச் சும்மா எழுத்து வேலை என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

1997-98-ல் மகளிர் திட்டம் வந்து எல்லா மாவட்டத்துக்கும் குழுக்கள் பரவின. குழு பெருகினதும் படிவமும் பெருகியது. தொண்டு நிறுவனத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. கூட்டம் எத்தனை, வருகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு என்று மாதா மாதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் நம்ம கணக்கு தடம் மாறியது என்பது என் எண்ணம். அதுவரைக்கும் கணக்கு குழுவுக்குள் சுற்றியது. இப்போது கீழே இருந்து மேலே போனது. மேலே போனது திரும்பி வரவில்லை. போன மாதம் கொடுத்த படிவத்தைப் பார்த்து "ஏம்மா, உங்க குழுவில் மூணு பேர் தொடர்ந்து வரவில்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டவர் குறைவு. கட்டம் காலியாக இருந்தால்தான் கேள்வி வரும். அதனால் பல ஊர்களில் காலிக் கட்டம் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். வருகை 100 சதவீதம் என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மரவள்ளி பிடுங்கப் போனவள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவள் எல்லோரும் அந்தப் படிவத்தில் கூட்டத்துக்கு வந்தவர்களாகவே இருந்தார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் பயன்படாது என்று தெரிந்த கணக்கை ராத்திரி பத்து மணிக்கு விளக்கு வைத்து யார் அக்கறையாக எழுதுவார்கள்?

ஆனா, வேறு மாதிரி செய்தவர்களும் இருந்தார்கள். கேரளாவில் ஆலப்புழை நகரத்தில் 1990-களின் ஆரம்பத்தில், யார் ஏழை என்று அரசாங்கம் வருமானத்தை வைத்து மட்டும் முடிவு செய்வதை விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்பது அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள். நல்ல வீடு உண்டா, கழிப்பறை உண்டா, நல்ல தண்ணீர் கிட்டத்தில் உண்டா, இரண்டு வேளையாவது சாப்பாடு உண்டா, சம்பாதிப்பவர் ஒருவர்தானா, வீட்டில் குடி உண்டா என்று இப்படி. ஒன்பதில் நாலு பொருந்தினால் அந்த வீடு ஏழை வீடு. அக்கம்பக்கத்துப் பெண்களே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 1998-ல் வந்த குடும்பஸ்ரீ இதையே எடுத்துக்கொண்டது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் குறைத்தும் சொல்லலாம், கூட்டியும் சொல்லலாம். அடுத்த வீட்டுக்காரி வந்து தண்ணீர் எங்கே பிடிக்கிறாய் என்று கேட்டால் என்ன மறைப்பது?

நம்ம மாநிலத்தில் 2005-ல் உலக வங்கி உதவியோடு வந்த புது வாழ்வுத் திட்டத்தில் 'மக்கள் நிலை ஆய்வு' என்று ஒன்று நடந்தது. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊரில் நடந்ததை அவங்க சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பொது இடத்தில் கோலப்பொடியால் தெருத்தெருவாக ஊரையே வரைந்தார்களாம். ஒவ்வொரு வீட்டையும் காட்டி, இது மிகவும் ஏழை, இது ஏழை, இது நடுத்தரம், இது வசதி என்று ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்தார்கள். பட்டியலைக் கிராம சபையில் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும். படிக்கும்போது சண்டை வராமல் இருக்குமா? "மெத்தை வீடு வெச்சிருக்கிறவன் பேரு எப்படி ஏழைல வந்துச்சு?" என்று ஒரு பாட்டி எழுந்து கேட்டதும் பேர் மாறியதாம். கணக்கு சுத்தமாவதற்கு அந்தச் சண்டையும் வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் கணக்கில் நுழைந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஜார்க்கண்ட் பக்கம் பிரதான் என்ற தொண்டு நிறுவனம் 'கம்ப்யூட்டர் முன்ஷி' என்று ஒரு ஏற்பாடு செய்தது. முன்ஷி என்றால் கணக்குப்பிள்ளை. உள்ளூரில் படித்த ஒருவர் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பல குழுக்களுக்குக் கணக்கு போடுவார். கூட்டம் முடிந்ததும் அந்த வார வரவு செலவு எழுதிய தாளைக் குழுவின் பெட்டியில் வைத்து அவருக்கு அனுப்புவார்கள். அவர் ஏற்றிக் கூட்டிப் பார்த்து, அச்சடித்த கணக்கைத் திரும்ப அதே பெட்டியில் அடுத்த கூட்டத்துக்கு அனுப்பிவிடுவார். அவருக்குக் கூலி குழுக்களே கொடுத்தன. இதில்தான் விஷயம் இருக்கிறது. கூலி கொடுப்பவள் குழுப் பெண் என்றால், கணக்கு யாருக்காகத் தயாராகும்? அவளுக்காகத்தான். பெட்டி ஒரு வாரம் வராவிட்டால் அவள் கேட்பாள்.

நம்ம மதுரைப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. 2005-06 வாக்கில் தபன் பாரிக் என்ற ஆராய்ச்சியாளர், குழுக்களின் காகிதப் படிவத்தையே வைத்துக்கொண்டு, அதில் அச்சடித்த குறியை கேமரா போனால் படம் பிடித்தால், போன் தமிழில் பேசி "இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று கேட்கிற மாதிரி செய்து பார்த்தார். ரொம்பப் படிக்காத பெண்களும் அதில் கணக்கு ஏற்றிவிட்டார்கள். காகிதத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை பாருங்கள். காகிதம் கையில் இருக்கட்டும், போன் அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்தார். நம்ம அம்மாக்களுக்கு எண் தெரியும் என்பதையும், காதால் கேட்டால் புரியும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். இன்றைக்கு வரும் செயலிகளில் அந்தக் குரலைத்தான் நான் தேடுகிறேன். இன்னும் கேட்கவில்லை.

2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் ஆரம்பமாகி, அதற்கப்புறம் நம்ம மாநிலத்திலும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் அதன் கீழ் வந்தன. நபார்டு 2015 மார்ச்சில் 'இ-சக்தி' என்று குழுக் கணக்கை மின்மயமாக்கும் வேலையை ஜார்க்கண்ட் ராம்கர், மகாராஷ்டிரா துலே என்ற இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் ஒரு நல்ல அம்சம், உறுப்பினரின் போனுக்கு அவளுடைய மொழியிலேயே குறுஞ்செய்தி போகும். இப்போது நாம் ஏற்றுவது 'லோகோஸ்' செயலியில். உறுப்பினர் விவரம், ஆதார், வங்கிக் கணக்கு, கூட்டத்துக்குக் கூட்டம் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம். எங்க தெருவில் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றால்தான் ஏறும். பாதி பேரின் போன் நம்பர் பெங்களூரில் வேலை செய்யும் மகனுடையது. ஓடிபி அவனுக்குப் போகும், அவன் ஷிப்டில் இருப்பான். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன்.

குறை என்று நான் நினைப்பது வேறொன்று. அதைச் சொல்ல 2016-க்குப் போக வேண்டும்.

அதுவரைக்கும் வங்கிக்குத் தெரிந்தது குழுவின் பேர் மட்டும்தான். குழு கட்டியது, அல்லது கட்டவில்லை. 2010-ல் ஆந்திராவில் சிறு கடன் நிறுவனங்கள் ஒரே பெண்ணுக்கு நாலைந்து பேராகக் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலை வரைக்கும் போனதும், அரசு அவசரச் சட்டம் போட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவளுக்கு மொத்தக் கடன் எவ்வளவு என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொருவர் கடனும் ஓரிடத்தில் பதிவாக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. 2016-ல் ரிசர்வ் வங்கி, குழுக் கடனிலும் உறுப்பினர் வாரியான விவரத்தை வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. சிபில், சிபில் என்கிறோமே, அந்த மாதிரி நம்ம நாட்டில் நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. அன்றிலிருந்து நம்ம பேரேட்டில் இருக்கும் பேர் ஊரைத் தாண்டிப் போகிறது.

எங்க குழுவில் ஒரு அக்கா. புருஷன் இறந்து ஏழு வருடம். ஒரு தவணைகூடத் தவறாதவங்க, அவங்க பாஸ்புக்கே சாட்சி. மாடு வாங்கத் தனியாகக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாங்க. "உங்க பேரில் கடன் நிலுவை காட்டுதும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கடன், யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது, அவ்வளவுதான். அக்கா அழவில்லை, வாயே திறக்கவில்லை. ஊரில் இந்தச் செய்தி பரவினால் என்ன ஆகும் என்பதுதான் அவங்க கவலை. கடன் கட்டாதவள் என்று ஒரு சொல் விழுந்தால் குழுவிலேயே உட்கார முடியாது.

நாங்கள் விசாரித்ததில், வேறொரு ஊரில் அதே பேர், அதே முதல் எழுத்துள்ள ஒரு பெண் ஒரு கம்பெனியில் வாங்கிய கடன் இவங்க பேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி என்று நம்ம பேரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடக்கும் கூத்து தெரிந்ததுதானே. முதல் ஆதார் எண் 2010-ல் மகாராஷ்டிராவில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆனாலும் பேர்ப் பிழை திருத்தக் கூடுதலாக அலைவது நம்ம பெண்கள்தான் என்று எனக்குத் தோன்றும். கல்யாணமானதும் இன்ஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது. பிறகு நாங்கள் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்கிறேன். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு தடவை நம்ம அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தப்பு இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து, தீர்க்காமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அக்காவுக்காக நாங்கள் கொடுத்தது குழுவின் தீர்மானப் புத்தக நகல், பேரேட்டு நகல், அவங்க தனிப் பாஸ்புக். காகிதம்தான் அவங்களைக் காப்பாற்றியது. பேர் சுத்தமாகிவிட்டது. அதற்குள் பேசி வைத்திருந்த மாட்டை வேறொருத்தர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மூணு மாதம் கழித்து வேறு மாடு, 6,000 ரூபாய் கூடுதல் விலையில் வாங்கினாங்க.

இதற்குப் பிறகுதான் நம்ம கூட்டமைப்பில் அந்த நீண்ட பேச்சு நடந்தது. வந்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மதியச் சாப்பாடு ஆறிப்போன கூட்டம். சிலர், இந்தச் செயலியே வேண்டாம், பழைய நோட்டு போதும் என்றார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வட்டிக்காரர் நோட்டும் காகிதம்தானே. காகிதமா போனா என்பதில் என்ன இருக்கிறது? எழுதின கணக்கு யார் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். எங்க அம்மா குழுவில் அந்தக் காலேஜ் பையன் சத்தமாகப் படித்த வழக்கத்தை அன்றைக்கு எடுத்துச் சொன்னேன். அதிலிருந்து, கூட்டத்தில் படித்துக் காட்டாத எந்தக் கணக்கையும் செயலியில் ஏற்றுவதில்லை என்று முடிவானது. ஏற்றிய பிறகு போனில் வரும் தொகையும் அவங்க பாஸ்புக்கில் உள்ள தொகையும் ஒன்றா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்கிறோம். ஆரம்பத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஏதாவது ஒரு வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. பேர் எழுத்தே பெரும்பாலும். ஆதார் அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் அன்றோடு நிறுத்தினோம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது, நாம் மட்டும் பத்து பேர் போனில் அடுத்தவள் ஆதாரை வைத்திருக்கலாமா என்று செயலாளர் அக்கா கேட்டது நல்ல கேள்வி.

இன்னொரு மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாதம் ஒரு கேள்வி. கணக்கு இவ்வளவு இருக்கிறதே, அதனிடம் ஏதாவது கேட்போம் என்று ஆரம்பித்தது. முதல் மாதக் கேள்வி, ஒரு வருடமாகச் சேமிப்பு மட்டும் போட்டு ஒரு தடவைகூடக் கடன் எடுக்காதவர்கள் யார்? எங்க குழுவில் 14 பேரில் நாலு பேர். இரண்டு பேர் வயதானவங்க, தேவையில்லை என்றார்கள். ஒருத்தர் வீட்டில் சம்மதம் இல்லை. நாலாவது ஆள் செங்கல் சூளைக்குப் போகிறவள். தை மாதம் போனால் ஆடி மாதம்தான் திரும்புவாள். மாதத் தவணை அவளால் எப்படிக் கட்ட முடியும்? அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எனக்குக் கடன் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். சூளையிலிருந்து வந்து இரண்டே தவணையில் கட்டலாம் என்று தீர்மானம் போட்டோம். 15,000 ரூபாய் எடுத்து ஆடு வாங்கினாள், சொன்ன மாதிரி கட்டியும் முடித்தாள். ஏழு வருடமாகப் பேரேட்டில் அவள் கடன் கட்டம் காலியாகவே இருந்தது. ஏன் என்று எழுதச் செயலியில் இடம் இல்லை. அதனால் அந்த 'ஏன்' மட்டும் எழுத ஒரு தனி 80 பக்க நோட்டு வைத்திருக்கிறோம். எங்க நோட்டைப் பார்த்து இன்னும் இரண்டு குழுக்கள் வைத்திருக்கின்றன. இந்த மாதக் கேள்வி, கூட்டத்துக்குத் தொடர்ந்து வராதவர்கள் எந்த எந்த மாதத்தில் வரவில்லை என்பது. பதில் வந்தால் அடுத்த மலரில் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2000-க்கு முந்தைய தீர்மானப் புத்தகம், பேரேடு, பாஸ்புக் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், கரையான் அரிப்பதற்குள் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். கொண்டு வரும்போது அந்தக் குழுவில் இருந்த பெரியம்மா யாராவது இருந்தால் கூடவே அழைத்து வாருங்கள். பக்கத்தைப் படித்துக் காட்டினால் அவங்க சரியா தப்பா என்று சொல்வாங்க.